ஃபேனை நிறுத்திவிட்டு எடுத்த ஃபேன் விளம்பரம்

போன வாரம் அதியமான்கோட்டை ஃபேன் கடைக்காரரின் மகன் பிரகாஷ் வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரத்தை அனுப்பி, "அக்கா, எப்டி இருக்குதுன்னு சொல்லுங்க" என்று கேட்டிருந்தான். கம்ப்யூட்டரே பேசிய விளம்பரம். பிசிறில்லாத பெண் குரல். கடைசியில் அது சிரிக்கக்கூடச் செய்தது. எனக்கு என்னவோ வியர்வை நாற்றம்தான் நினைவுக்கு வந்தது. காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

கல்லூரி முடித்த கையோடு தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில், ரேடியோ விளம்பரங்களுக்கு வசனம் எழுதும் வேலைக்குச் சேர்ந்தேன். ஒலிப்பதிவுக் கூடம் என்பார்கள். சுவரில் கோணிச்சாக்கும் பழைய மெத்தையும் அடித்த ஒரு அறை, அவ்வளவுதான். ஜன்னல் கிடையாது. இரைச்சல் விழும் என்று பதிவின்போது ஃபேனையும் நிறுத்திவிடுவார்கள். சித்திரை மாதத்தில் அதற்குள் நின்று ஐஸ்கிரீமைப் பற்றிக் குழைந்து பேசிப் பாருங்கள், தெரியும்.

எனக்கோ எழுதுவதைவிடப் பேசத்தான் ஆசை. அந்த அதியமான்கோட்டை ஃபேன் கடை விளம்பரம் வந்தபோது பதிவு செய்யும் செல்வத்தைக் கெஞ்சிச் சம்மதிக்க வைத்தேன். அத்தோடு விட்டேனா? எங்கள் ஊர் சித்தேரியில் மளிகைக்கடைக்குப் போன் போட்டு அம்மாவை வரவழைத்து, "திங்கக்கெழம காத்தால ரேடியோ போடும்மா, என் கொரல் வரும்" என்றும் சொல்லிவிட்டேன். கடையில் நின்ற அத்தனை பேருக்கும் அது தெரிந்துபோனது.

பின்னணிக்குப் புல்லாங்குழல். "மலைச்சாரல் தென்றல் இனி உங்கள் இல்லத்தில்" என்று தேன் தடவிய குரலில் ஆரம்பித்தேன். கடைக்காரர் தன் மனைவி ராஜம்மாவோடு வந்திருந்தார். வீட்டில் கன்னடம் பேசுகிறவர்கள். அந்தம்மா கணவரை 'ரீ' என்றுதான் கூப்பிடுவார். எட்டு முறை எடுத்தும் கடைக்காரர் முகம் மலரவில்லை. "நல்லாத்தான் பேசறீங்க பாப்பா. ஆனா நம்மூர்ல யாருங்க இப்டிப் பேசறாங்க?" என்றார். ஒன்பதாவது முறைக்கு நான் மூச்சை இழுத்தபோது, மூலையில் முந்தானையால் விசிறிக்கொண்டிருந்த ராஜம்மா பொறுமை இழந்துவிட்டார்.

"ஏன்ரீ, ஊருக்கெல்லாம் ஃபேன் விக்கறீங்க. கட்ன பொண்டாட்டி இங்க வெந்து சாவறேன். ஒரு ஃபேன் போட நாதியில்லியா?"

அடக்க முடியாமல் மைக்கிலேயே சிரித்துவிட்டேன். செல்வம் எழுந்து 'டக்' என்று சுவிட்சைத் தட்ட, ஃபேன் கரகரவென்று சுற்றியது. பதிவை நிறுத்த அவருக்கு மறந்துபோயிருந்தது.

போட்டுக் கேட்டோம். இதுதான் விளம்பரம் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, எனக்கும்தான். செல்வத்துக்கு என் ஆசை தெரியும். "முன்னாடி உங்க கொரல்ல ஒரு வரி வெச்சிக்கலாமா?" என்றார். அம்மா ரேடியோ முன்னால் உட்காரப்போவதை நினைத்ததும் தலையாட்டிவிட்டேன். வைத்தும் பார்த்தோம். பாயசத்தில் உப்பு விழுந்த மாதிரி இருந்தது. "எடுத்துடுங்க" என்றேன். புல்லாங்குழலும் போயிற்று. ராஜம்மாவின் சத்தம், ஒரு சிரிப்பு, டக், கரகர, கடைசியில் செல்வம் குரலில் கடையின் பெயர்.

அந்தப் பெயர் யாருக்கு நினைவிருந்தது? "பொண்டாட்டி சத்தம் போட்ட கடை எதுங்க?" என்றுதான் பஸ்ஸை விட்டு இறங்கி விசாரித்தார்கள். ராஜம்மா கடையிலேயே உட்கார வேண்டியதாயிற்று. ஃபேன் வாங்க வந்தவர்கள் ஒருதரம் கடைக்காரரைத் திட்டிக் காட்டச் சொன்னார்கள். ராஜம்மாவும் சளைக்காமல் திட்டினார்.

விளம்பரம் முதலில் வந்த திங்கட்கிழமை, அம்மாவிடம் என்ன சொல்வது என்று முழித்துக்கொண்டிருந்தேன். அவரே மளிகைக்கடையிலிருந்து கூப்பிட்டார்.

"கேட்டேன் கண்ணு. அந்தச் சிரிப்பு உன்னுதுதான?"

"எப்டிம்மா கண்டுபுடிச்ச?"

"பெத்தவளுக்குத் தெரியாதா? எம்பொண்ணு ரேடியோல சிரிக்கறான்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

அந்த மாடியில் இப்போது செல்போன் உறைகளை மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். செல்வத்தின் பழைய கம்ப்யூட்டரோடு அந்தப் பதிவும் போய்விட்டது. பிரகாஷைக் கூப்பிட்டு, "உங்கம்மாவையே பேச வெச்சிருக்கலாமே?" என்றேன்.

"கேட்டேங்க்கா. இப்பதான் வூட்லயே ஏசி இருக்குதே, நான் எதுக்குடா கத்தணும்ங்கறாங்க."

போனை வைத்த பிறகும் வெகுநேரம் சிரித்துக்கொண்டிருந்தேன். அது என் சிரிப்புதான் என்று சொல்ல அம்மா இல்லை.