ராஜகிரிப் பாலத்தில் உப்பு வாரினேன்

எங்கள் மரக்காணத்தில் உயரம் என்றால் உப்பு அம்பாரம்தான். அதன்மேல் ஏறி நின்றவன் என்ற தைரியம் எனக்கு. காலேஜில் சேர்ந்து வெளியூர் போகவிருந்த மகள், செஞ்சிக்கோட்டை உச்சியில் அப்பா, அம்மா, தான் என்று மூன்று பேரும் ஒன்றாக நின்று படம் எடுக்கவேண்டும் என்றாள். நான்தான் முதலில் ஏறுவேன் என்று வாயை விட்டேன்.

ராஜகிரியில் முக்கால் மலைவரை நான் ராஜாதான். குரங்கு முறுக்குப் பொட்டலத்தைப் பிடுங்கியதைக்கூடத் தானக் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். உச்சிக்குச் சற்று முன்னால் பாறை பிளந்து கிடக்கிறது. அதைத் தாண்ட ஒரு சின்னப் பாலம். மகள் துள்ளிக்கொண்டு போய் அந்தப் பக்கம் நின்றாள்.

நானும் காலை வைத்தேன். உப்பளத்து வரப்பில் நடக்கிறவனுக்குக் கண் எப்போதும் காலடியில்தான். இல்லாவிட்டால் வழுக்கிப் பாத்திக்குள் விழவேண்டியதுதான். அந்தப் பழக்கத்தில் குனிந்தேன். பாத்தி இருக்கவேண்டிய இடத்தில் பாதாளம் இருந்தது. என்னைக் கேட்காமலே உடம்பு உட்கார்ந்துவிட்டது. பாலத்துக் கைப்பிடிக் கம்பியைக் கட்டிக்கொண்டு, வியூ அருமை, கொஞ்சம் ரசித்துவிட்டு வருகிறேன் என்று அறிவித்தேன். கண்ணை இறுக்க மூடிக்கொண்டுதான் ரசித்தேன்.

என் மனைவியும் உப்பளத்துக்காரிதான். பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னாள்: “எழுந்து என் மூஞ்சியப் பாத்து நில்லுங்க. கையில பலகை இருக்குதுன்னு நெனச்சிக்கினு உப்பு வாருங்க.”

பலகையால் உப்பை இழுக்கும்போது நாங்கள் பின்னால்தான் நகர்வோம். இத்தனை வருஷத்தில் ஒருநாளும் நான் திரும்பிப் பார்த்ததில்லை. இல்லாத பலகையைப் பிடித்து, அவள் முகத்தையே பார்த்தபடி இழுத்து இழுத்துப் பின்னால் போனேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு அவளும் அடிக்கு அடி முன்னால் வந்தாள். கடைசியில் மகளின் கை முதுகில் பட்டது.

எங்களுக்குப் பின்னால் வந்த பெரியவர் ஒருவர் பயபக்தியோடு கேட்டார்: “ஏம்பா, இது எதுனா வேண்டுதலா?”

மேலே கோயில் வேறு இருக்கிறது. விடுவேனா?

“ஆமாங்க. பொண்டாட்டி மூஞ்சியப் பாத்துக்கினே தாண்டணும்.”

அவர் தன் மனைவியை ஒருமுறை பார்த்தார். பிறகு நேராகவே நடந்து வந்துவிட்டார்.

உச்சியில் படம் எடுத்துக் கொடுத்ததும் அவர்தான். மகள் நடுவில் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாள். நான் மட்டும் கேமராவைப் பார்க்காமல் மனைவியையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். பாசம் என்று மகள் எல்லோருக்கும் காட்டுகிறாள். இறங்குவதற்கும் அதே பாலம்தான் என்பது படம் எடுத்த அந்த நொடியில்தான் எனக்கு உறைத்திருந்தது.