எட்டு வீடு, ஒன்பது கையெழுத்து

மூன்று மாதம் முன்பு ஒரு காலை. மேல்மாடி செபாஸ்டியன் சார் எங்கள் கதவைத் தட்டினார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அளந்துதான் பேசுவார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

மகளோடு போய் இருந்துவிடலாம் என்று தன் ஃப்ளாட்டை விற்க ஏற்பாடு செய்திருந்தார். வாங்க வந்தவருக்கு பேங்க்கில் லோன் தர மறுத்துவிட்டார்கள். ஏன்?

"லீஸ் இன்னும் பதிமூணு மாசம்தான் பாக்கியாம் சார். அதுக்கப்புறம் நிலத்துக்காரங்க நம்மளக் காலி பண்ணச் சொல்லலாமாம்."

தென்னூரில் இருக்கும் எங்கள் குடியிருப்பில் எட்டு வீடு. வீடுகளை நாங்கள் காசு கொடுத்து வாங்கினோம். நிலம் மட்டும் முசிறியில் உள்ள ஒரு விவசாயக் குடும்பத்துடையது. முப்பது வருடக் குத்தகை. வாங்குகிற வயதில் முப்பது வருடம் என்பது யாருக்குக் கண்ணுக்குத் தெரிகிறது?

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் நான்தான். ஆறு வருடமாக! மோட்டார் ரிப்பேர், லிஃப்ட் ரிப்பேர், பார்க்கிங் சண்டை... எல்லாம் பார்த்திருக்கிறேன். குத்தகைப் பத்திரத்தை மட்டும் ஒருநாளும் படித்ததில்லை. பத்திரமாக பீரோவில் வைத்திருந்தேன் — அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் முதல் மாடி ஸ்டெல்லா டீச்சர் அதைக் கேட்டு வாங்கினார். கணக்கு டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை. இந்த வீடுதான் அவருக்கு எல்லாம். எங்கள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து வரி விடாமல் படித்தார். பதினோராம் பக்கத்தில் விரல் நின்றது.

இன்னொரு முப்பது வருடத்துக்கு நீட்டித்துக் கேட்க எங்களுக்கு உரிமை உண்டு. கேட்டால் நிலத்துக்காரர் மறுக்க முடியாது. ஆனால், லீஸ் முடிய ஒரு வருடம் இருக்கும்போதே கடிதம் அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். அதில் எல்லா வீட்டு உரிமையாளரும் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். ஒருவர் குறைந்தாலும் எட்டு வீட்டுக்கும் உரிமை போச்சு.

டீச்சர் காலண்டரைப் பார்த்தார்.

"இருபத்தாறு நாள் இருக்கு சார். போதும்."

ஏழு வீட்டுக் கையெழுத்து ஒரு வாரத்தில் வந்துவிட்டது. வெளியூரில் இருந்தவர் கூரியரில் அனுப்பினார். மிச்சம் ஐந்தாம் நம்பர்.

அந்த வீட்டில் இருந்த அம்மாள் காலமாகி மூன்று வருடம் ஆகிறது. இரண்டு மகன்கள். மூத்தவர் ரங்கராஜன், ஸ்ரீரங்கத்தில் இருக்கிறார். இளையவர் சம்பத், மன்னார்புரத்தில். அந்த வீடு யாருக்கு என்று கோர்ட்டில் கேஸ். அம்மாவின் திதியைக்கூடத் தனித்தனியாகத்தான் செய்கிறார்கள். இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் அந்த வீட்டுக் கணக்கு சரியாகும் என்றார் எங்கள் வக்கீல்.

டீச்சரும் நானும் மன்னார்புரத்துக்குப் போனோம். அண்ணன் முதலில் போடட்டும் என்றார் சம்பத். ஸ்ரீரங்கம் போனோம். ரங்கராஜன் காபி கொடுத்து, மரியாதையாக உட்கார வைத்து, தம்பி முதலில் போடட்டும் என்றார். மறுபடி மன்னார்புரம். மறுபடி ஸ்ரீரங்கம். காவிரிப் பாலத்தில் நாங்கள் மாட்டாத டிராஃபிக் இல்லை. எனக்கு நம்பிக்கை போய்விட்டது. வேறு வழி பார்க்கலாமா என்று டீச்சரிடம் மெதுவாகக் கேட்டேன். வேறு வழி பத்திரத்தில் இல்லை என்றார்.

ஐந்தாவது முறையாக ஸ்ரீரங்கம் போனபோது ஒன்பது நாள்தான் பாக்கி. ரங்கராஜன் வாசலிலேயே கைகூப்பினார்.

"க்ஷமிக்கணும். நீங்க எத்தனை தரம் வந்தாலும் என் பதில் இதுதான். அவன் போட்டப்புறம் வாங்கோ."

டீச்சர் குரலை உயர்த்தவில்லை.

"அந்த வீட்டுக்காகத்தானே ரெண்டு பேரும் கேஸ் நடத்துறீங்க? இன்னும் ஒன்பது நாள் விட்டா அந்த வீடே உங்க ரெண்டு பேருக்கும் கெடையாது. என் வீடு எனக்கும் கெடையாது. ஜெயிச்சவர் எதைக் கொண்டு போவார்னு மட்டும் சொல்லுங்க, நான் கெளம்புறேன்."

ரங்கராஜன் உள்ளே திரும்பி மூக்குக்கண்ணாடியைக் கொண்டுவரச் சொன்னார். கையெழுத்துப் போட்டு முடித்ததும், அம்மாவின் பூஜை அலமாரி அங்கே அப்படியேதான் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றார் டீச்சர். மன்னார்புரத்தில் அண்ணன் கையெழுத்தைப் பார்த்ததும் சம்பத் பேனாவை எடுத்தார்.

கடிதத்தைத் தபாலிலும் அனுப்பினோம். ஆனால் டீச்சருக்குத் தபால் போதவில்லை. மறுநாளே சத்திரம் பஸ் ஸ்டாண்டில் முசிறி பஸ் ஏறினோம்.

நிலத்துக்காரர் கோமதி அம்மா தோப்பில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டிருந்தார். வேலையை நிறுத்திவிட்டு எங்கள் கடிதத்தை முழுக்கப் படித்தார். மகன் அங்கே கல்யாண மண்டபம் கட்ட ஆசைப்படுவதாகச் சொன்னார்.

"கெடு தாண்டிடும், நீங்க வர மாட்டீங்கன்னுதான் நெனச்சிருந்தேன்," என்றார். "வந்துட்டீங்க. எழுதிக் குடுத்தது எங்க மாமனாரு. அத நான் மாத்த மாட்டேன். ஆனா வருஷ வாடகையக் கூட்டித்தான் கேப்பேன்."

"கேளுங்க," என்றார் டீச்சர். "ஆனா எழுத்துல கேளுங்க."

பெற்றுக்கொண்டதாகத் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் டீச்சர் அவர் கொடுத்த மோரைக் குடித்தார்.

வாடகை பேசி முடிக்க இரண்டு மாதம் ஆனது. போன வாரம் புதிய பத்திரத்தைப் பதிவு செய்தோம். அண்ணனும் தம்பியும் வந்திருந்தார்கள்; ஒரே பெஞ்சின் இரண்டு முனைகளில் உட்கார்ந்தார்கள். பேசிக்கொள்ளவில்லை. கேஸ் நடக்கிறது. செபாஸ்டியன் சாரிடம் வீடு வாங்குபவருக்கு லோன் கிடைத்துவிட்டது. ஊரைவிட்டுப் போக வேண்டுமே என்று இப்போது அவர் முகம் வாடிக் கிடக்கிறது.

நான் செயலாளர் பதவியை விட்டுவிட்டேன். இப்போது டீச்சர்தான். முதல் கூட்டத்திலேயே புதுப் பத்திரத்தைப் பதினெட்டுப் பக்கமும் சத்தமாக வாசித்தார். நடுவில் எழுந்திருக்கப் பார்த்தவர்களைப் பெயர் சொல்லி உட்கார வைத்தார்... அதில் நானும் ஒருவன்.

சரி, என் கதையைப் படித்தது போதும். எழுந்துபோய் உங்கள் பத்திரத்தை எடுத்துப் படியுங்கள்.