முப்பத்தெட்டுத் துடிப்பு

டாக்டர் சந்தனச்செல்விக்கு ஊர் உடன்குடி. வீட்டில் கருப்பட்டி மொத்த வியாபாரம். காலையில் கண் விழித்தாலே வாசலில் பேரம் நடக்கும். தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகிற சாலையில் உள்ள ஒரு சின்ன மருத்துவமனையில் பொது மருத்துவராகச் சேர்ந்த பிறகும் அவளைப் பேரம் விடவில்லை. செவ்வாய்க்கிழமை இதய டாக்டர் வருவார், புதன் காது மூக்கு தொண்டை, வெள்ளி எலும்பு. ஆளுக்கொன்றைச் சொல்லிவிட்டுக் காரேறிப் போய்விடுவார்கள். இதயம் நட என்னும், எலும்பு நடக்காதே என்னும். நோயாளி எல்லாச் சீட்டையும் துணிக்கடைப் பையில் போட்டுக்கொண்டு கடைசியில் அவள் மேசைக்கு வந்து நிற்பார்.

"நடக்கவா, வேண்டாமா டாக்டரம்மா?"

"முதல்ல உக்காருங்க அண்ணாச்சி. அதுல யாருக்கும் சண்டை இல்ல."

பிறகு இரண்டு டாக்டர்களையும் போனில் பிடிப்பாள். நோயாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே ஸ்பீக்கரில் பேசுவாள். பெரிய டாக்டர்களுக்கு இது பிடிக்காது. அவள் முதுகுக்குப் பின்னால் 'கருப்பட்டிக் கடை' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவளுக்கும் அது தெரியும். கடையில் எப்போதும் கூட்டம் இருந்ததால் வருத்தப்பட நேரமில்லை.

அந்தக் கடைக்குத்தான் ஒரு வியாழக்கிழமை இஞ்ஞாசி வந்தார். திரேஸ்புரத்துக்காரர், வயது நாற்பத்தாறு. சங்கு எடுக்கக் கடலில் முங்குகிறவர். மற்றவர்கள் சிலிண்டருக்கும் கம்ப்ரசர் குழாய்க்கும் மாறிவிட்ட பிறகும் தம் கட்டியே முங்குகிற ஒன்றிரண்டு பேரில் ஒருவர். ஒரே மாதத்தில் இரண்டு முறை கடலுக்குள் தலை சுற்றியிருந்தது. மனைவி பிளாரன்ஸ் சட்டையைப் பிடித்து இழுக்காத குறையாகச் செவ்வாய்க்கிழமை இதய டாக்டரிடம் கொண்டுபோய் நிறுத்தியிருந்தார்.

இதய டாக்டர் சிவசுப்பிரமணியன் ஈசிஜி எடுத்துப் பார்த்தார். நிமிடத்துக்கு முப்பத்தெட்டுத் துடிப்பு. சந்தேகப்பட்டு மறுபடியும் எடுக்கச் சொன்னார். இந்த முறை முப்பத்தாறு. தலைசுற்றலும் இருக்கிறது, துடிப்பும் குறைவு, பேஸ்மேக்கர் வைத்துவிடலாம் என்று அடுத்த செவ்வாய்க்கு நாள் குறித்துவிட்டார். அதன் பிறகு முங்குவதை மறந்துவிட வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்.

"மறந்துட்டு வீட்ல உக்காந்து என்ன செய்ய? இவ பாக்கிற சீரியலையா பாக்க?" என்றார் இஞ்ஞாசி.

"பாத்தா என்ன? அதுலயும் தண்ணிதான், எல்லாரும் அழுதுக்கிட்டேதான் இருக்காவ" என்றார் பிளாரன்ஸ்.

செல்வி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். அறுபத்தெட்டு. இரண்டு நாளில் இதயம் இப்படித் திருந்துமா? அன்று ஈசிஜி எடுக்கிற பெண் லீவு. செல்வியே அவரைப் படுக்கவைத்து, நெஞ்சில் பட்டைகளை ஒவ்வொன்றாக ஒட்டி, வயர்களை மாட்டினாள். ஒன்று கழன்று விழுந்தது. மறுபடி ஒட்டினாள். மிஷின் முப்பத்தொன்பது காட்டியது. அவள் தாளைப் பார்த்தாள், ஆளைப் பார்த்தாள். இஞ்ஞாசியின் வயிறு மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. கண்ணை மூடி மாதா சுரூபம் மாதிரிக் கிடந்தார்.

"அண்ணாச்சி, மூச்சு விடுதீங்களா?"

தலையை மட்டும் இல்லை என்று ஆட்டினார்.

"விடுங்க!"

பெருமூச்சோடு எழுந்து உட்கார்ந்தார். எத்தனை நிமிடம் ஆனது என்று ஆசையாகக் கேட்டார். விசாரித்தபோது விஷயம் புரிந்தது. போன வருடம் எக்ஸ்ரே எடுத்தபோது மூச்சை இழுத்து அடக்கச் சொல்லியிருக்கிறார்கள். நெஞ்சுக்கு எந்த மிஷின் வைத்தாலும் அதுதான் முறை என்று அவராகவே முடிவுசெய்துவிட்டார். ஸ்டெத் வைத்தாலும் அடக்கினார். மற்றவர்கள் அரை நிமிடத்தில் திணறிவிடுவார்கள் என்பதால் அந்தத் தப்பை இதுவரை யாரும் செய்ததில்லை. முங்குகிறவர் தம் கட்டினால் அவரோடு சேர்ந்து இதயமும் நிதானமாகிவிடும். மிஷின் பொய் சொல்லவில்லை. கடலுக்கு அடியில் இருக்கிற ஒரு மனிதரைக் கட்டிலில் படுக்கவைத்து எடுத்திருந்தது.

சிவசுப்பிரமணியனை அழைக்கும் முன் சொல்ல வேண்டியதைச் செல்வி இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அவளைவிட இருபது வருடம் மூத்தவர். நாள் குறித்த அறுவைச் சிகிச்சை. இந்த முறை ஸ்பீக்கரைப் போடவில்லை. அவள் சொல்வதை அவர் முழுவதும் கேட்டார்.

"நான் மூச்சை இழுங்கன்னு சொன்னப்போ நல்லாத்தானம்மா இழுத்தாரு" என்றார். "விட்டாரான்னு பாக்காம போனேன்."

பிறகு, ஒரு நாள் முழுக்கத் துடிப்பைப் பதிவுசெய்கிற பெட்டியை மாட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுப்போம் என்றார். இடுப்பில் பெட்டியை மாட்டும்போது இஞ்ஞாசி கவலையோடு சொன்னார், "இருவத்துநாலு மணி நேரம் அடக்க முடியாது டாக்டரம்மா. ரெண்டரை நிமிஷந்தான் நம்ம கணக்கு."

பதிவில் குறையே இல்லை. பேஸ்மேக்கர் வேண்டாம் என்று முடிவானது. இஞ்ஞாசி திங்கட்கிழமை கடலுக்குப் போகத் தயாரானார். அப்படியானால் தலை ஏன் சுற்றியது என்று செல்வி கேட்டாள். காது டாக்டர் வருகிற புதன்கிழமை வரைக்கும் பொறுங்கள் என்று நிறுத்திவைத்தாள்.

காது டாக்டர் அனிஷா டார்ச் அடித்துப் பார்த்த அரை நிமிடத்தில் சொல்லிவிட்டாள். வலது காதுச் சவ்வில் ஓட்டை. அதன் வழியாகக் குளிர்ந்த தண்ணீர் உள்ளே போகும்போதுதான் தலை சுற்றுகிறது. ஆபரேஷன் செய்து சவ்வை ஒட்டலாம். ஆறு மாதத்துக்கு முங்கக் கூடாது, அதற்குப் பிறகும் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

"இருவது வருசமா நானும் காதுல ஓட்டைன்னுதான் சொல்லுதேன்," என்றார் பிளாரன்ஸ். "நான் சொன்னது எது இவியளுக்குள்ள நின்னுருக்கு?"

இஞ்ஞாசி சிரித்தார். இதயமே நன்றாக இருக்கும்போது காதெல்லாம் ஒரு சீக்கா, முங்குகிறவனில் எவன் காது முழுசாக இருக்கிறது என்று கேட்டார். அனிஷா படம் போட்டுக் காட்டினாள். எத்தனை பேருக்கு என்ன ஆகும் என்று சதவீதம் சொன்னாள். அவர் மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டே செருப்பைத் தேடினார். அனிஷா செல்வியைப் பார்த்தாள்.

செல்வி ஒன்றே ஒன்று கேட்டாள். "அண்ணாச்சி, தலை சுத்தும்போது எது மேல, எது கீழன்னு எப்படித் தெரியும்?"

செருப்பைத் தேடிய கால் நின்றது.

"தெரியாது. போன தடவை மேல வாரேன்னு நெனச்சுக் கீழ போயிட்டேன். கையில மணல் தட்டின பொறவுதான் தெரிஞ்சது."

பிளாரன்ஸுக்கு இது புதுச் செய்தி. கணவரின் செருப்பை எடுத்துத் தன் மடியில் இருந்த பைக்குள் வைத்துக்கொண்டார். அதைப் பார்த்த இஞ்ஞாசி, சதவீதத்துக்கு அசையாதவர், நாற்காலியில் மறுபடி உட்கார்ந்தார்.

ஆறு மாதம் முங்குவதில்லை, வள்ளத்தில் இருந்தபடி மற்றவர்களுக்குக் கயிறு பிடிப்பது என்று பேசி முடித்தார்கள். அதன் பிறகுதான் அவர் குரலைத் தாழ்த்தி ஒரு பேரத்தை ஆரம்பித்தார்.

"வள்ளத்துல காட்ட ஒரு லெட்டர் தாங்க. ஆனா இதயம்னு எழுதுங்க. காதுன்னா எங்க ஆளுவ சிரிச்சே என்னைத் தண்ணிக்குள்ள தள்ளிருவானுவ."

பொய் எழுத முடியாது என்றாள் செல்வி. அவர் விடவில்லை. கேலியை ஒரு மாதம் தாங்குவேன், ஆறு மாதம் தாங்கமாட்டேன், ஒரு நாள் இறங்கிவிடுவேன் என்று நேர்மையாகவே சொன்னார். அவள் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தாள். பிறகு எழுதினாள்: காதுச் சவ்வில் துளை, தண்ணீருக்குள் தலை சுற்றி உயிர் போகும் ஆபத்து உண்டு, ஆறு மாதத்துக்கு முங்கக் கூடாது. அனிஷாவும் அவளும் கையெழுத்துப் போட்டார்கள். செவ்வாய்க்கிழமை அதைச் சிவசுப்பிரமணியன் முன்னால் வைத்து, இஞ்ஞாசி கேட்டதையும் சொல்லி, இதில் சொல்லியிருப்பது சரிதானே சார் என்று கேட்டாள். அவர் ஒவ்வொரு வரியாகப் படித்தார். எல்லாம் உண்மை. அடியில் கையெழுத்துப் போட்டு, 'இதய நோய் நிபுணர்' என்ற பெரிய முத்திரையைத் தானே எடுத்து, மை நன்றாகத் தொட்டு, அழுத்திக் குத்தினார்.

"சங்குக்காரங்க முழுசாப் படிப்பாங்களா?" என்று கேட்டார்.

"அது அவங்க பாடு சார்" என்றாள் கருப்பட்டிக் கடைக்காரி.