நீலத்தின் ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடு

கரையோரம் மணிக்கணக்கில் அசையாமல் நிற்பதால் அவளுக்குக் கொக்கு என்று பெயர் வைத்தவள் தங்கைதான். அதுவே நிலைத்துவிட்டது. பழைய பால் வேன் ஒன்றை வீடாக்கிக்கொண்டு பதினோரு வருடமாக வரைந்துகொண்டே சுற்றுகிறாள். மழைக்குப் பிறகு மலை, அப்புறம் காடு, கோடையில் ஏரி. புதுப்புது இடமாக ஓடிய முதல் இரண்டு வருடத்தில் உடம்பும் கெட்டது, படமும் தேறவில்லை. திரும்பத் திரும்ப ஒரே இடத்துக்குப் போனால்தான் ஒரு மரத்தையாவது ஒழுங்காக வரைய முடியும் என்று தானாகவே கண்டுகொண்டாள். படங்களை அட்டையாக அச்சிட்டு, மாதம் ஒன்றாக, சந்தா கட்டிய முந்நூறு வீடுகளுக்குத் தபாலில் அனுப்புவாள். வேன் ஓட அது போதும்.

அவளிடம் இரண்டு பழக்கங்கள் உண்டு. எந்த இடத்தை வரைகிறாளோ அந்த இடத்துத் தண்ணீரில்தான் வண்ணம் கரைப்பாள். தூரிகை நுனியை உதட்டில் வைத்துத்தான் கூராக்குவாள்.

இந்த வருடம் ஏரிக்கு வந்த மூன்றாம் நாள் நாக்கு நுனி மரத்துப்போனது. சூடாக டீ குடித்திருப்போம் என்று விட்டுவிட்டாள். ஐந்தாம் நாள் உதடும் மரத்தது. அன்று வரைந்த படம் காய்ந்தபோது நீலத்தின் ஓரம் முழுக்க வெள்ளைக் கோடு எழும்பி நின்றது. நகத்தால் சுரண்டினாள். பொடியாக உதிர்ந்தது. காகிதக் கடைக்காரரைத் திட்டிக்கொண்டே புதுக் கட்டைப் பிரித்து வரைந்தாள். அதிலும் அதே கோடு.

ஏரித் தண்ணீரை ஊருக்கு ஏற்றும் பம்ப் ஆபரேட்டர் வழக்கம்போல வேடிக்கை பார்க்க வந்தார்.

"வாம்மா கொக்கு. இந்த வருஷம் நிஜக் கொக்கு ஒண்ணுகூட வரல. நீயாவது வந்தியே."

"ஏன்ணே வரல?"

"மீன் இருந்தாத்தானே வரும்."

"தண்ணியில ஏதாவது மாறியிருக்கா?"

"மேல இருந்து ஆபீசருங்க வந்து பாத்து, கையெழுத்துப் போட்டுட்டுத்தான் போறாங்க. நமக்கு என்ன தெரியும்?"

அவருக்குப் பின்னால் பம்ப் அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே ஸ்டூலின் மேலிருந்த குழாய்ப் பானையில், கடையில் வாங்கிய குடிதண்ணீர் கேன் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அவள் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவர் கதவைச் சாத்தினார்.

"ஏரித் தண்ணி வயித்துக்கு ஒத்துக்கலம்மா, அவ்வளவுதான். அந்த வெள்ளையைத் துடைச்சிடு. நல்ல படத்தைக் கெடுக்குது."

தங்கை வீட்டுக் குழாயில் வருவது இந்த ஏரித் தண்ணீர்தான். கொக்கு தூரிகைகளைக்கூடக் கழுவாமல் வேனை எடுத்தாள்.

"என்னக்கா, சொல்லாம வந்து நிக்கிற? ஏரி வத்திப் போச்சா?" என்று சிரித்தாள் தங்கை.

"என் பழைய படமெல்லாம் எங்க?"

தங்கை காட்டிய அலமாரியிலிருந்து கொக்கு ஏரிப் படங்களை எடுத்துக் கூடத்துத் தரையில் வருடவாரியாகப் பரப்பினாள். முதல் ஐந்து வருடம் சுத்தமாக இருந்தது. ஆறாவது வருடத்தில் முடி கனத்துக்கு ஒரு வெளிறல். பிறகு வருடத்துக்கு வருடம் அது தடித்திருந்தது. நீலத்தின் ஓரத்தில் பனி இறங்குகிற மாதிரி இருக்கிறது என்று எத்தனை பேர் கடிதம் போட்டார்கள்! தன் கைப்பக்குவம் என்றல்லவா அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்!

தங்கையின் நாலு வயது மகள் படங்களுக்கு நடுவில் வந்து உட்கார்ந்தாள். தோளெலும்பு துருத்திக்கொண்டிருந்தது.

"இவ ஏன் இப்படி இளைச்சுட்டா?"

"எதைக் குடுத்தாலும் வேண்டாங்கிறா. நாக்குல எறும்பு ஓடுதாம். ஒரு மாசமா இதே கதைதான்."

கொக்கின் கை உதட்டுக்குப் போனது.

"பெரியம்மா, உனக்கும் எறும்பா?" என்றாள் குழந்தை.

கொக்கு எழுந்து உள்ளே போனாள். சமையலறைக் குழாயில் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து வந்தாள். பையிலிருந்து புதுத் தூரிகை ஒன்றை எடுத்து நனைத்து, நீலத்தைத் தொட்டு, வெள்ளைத் தாளில் ஒரே ஒரு பட்டை இழுத்தாள். நுனியை இந்தமுறை வாயில் வைக்கவில்லை. ஜன்னல் வெயிலில் தாளை வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

"என்னக்கா பண்ற? பயமா இருக்கு."

ஈரம் நடுப்பக்கமாகச் சுருங்கியது. நீலம் வெளுத்தது. ஓரத்தில், மெதுவாக, வெள்ளை எழும்பியது.

"அம்மா, தண்ணி," என்றாள் குழந்தை.

தங்கை டம்ளருக்குக் கை நீட்டினாள். கொக்கு அதை இறுகப் பிடித்துக்கொண்டாள், விடவில்லை.