காகிதத்தில் பிறவிக்குறை

என் மகள் இப்போது ஓடுவதில்லை. விருதுநகரில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறாள். "பாப்பா இன்னும் ஓடுதாகளா?" என்று யாராவது கேட்டால் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிடும். கேட்டவர் மேல் என்ன தப்பு? கெடுத்தது நான்.

விஸ்வநத்தம் பக்கம் எனக்குச் சின்னதாக ஒரு பட்டாசுக் கம்பெனி இருந்தது. குழந்தைகளை அங்கே கூட்டிப் போகக் கூடாது என்று எனக்குத் தெரியாதா என்ன? சீசன் நேரத்து ஞாயிற்றுக்கிழமை, ஐந்து வயதுப் பிள்ளை அழுதது, கூட்டிப் போனேன். வெளியே பொட்டலில் புதுப் பூச்சட்டி வாணத்தைச் சாம்பிளுக்குக் கொளுத்திப் பார்த்தோம். ஒன்று பற்றாமல் நின்றது. நான் போனில் ஆர்டர் பேசிக்கொண்டிருந்தேன். அவள் ஓடிப்போய்க் குனிந்து பார்த்தாள். வெடித்துவிட்டது.

ஒரு கண் போயிற்று. மற்றதில் நிழலாட்டம் மட்டும் மிஞ்சியது. விசாரணை வந்தால் லைசென்ஸ் போய்விடும் என்று பயந்து, ஆஸ்பத்திரிச் சீட்டுகளை அடுப்பில் போட்டேன். மாற்றுத்திறனாளிச் சான்றிதழில் பிறவிக்குறை என்று எழுதவைத்தேன். ஊருக்கெல்லாம் விஷயம் தெரியும், காகிதத்துக்கு மட்டும் தெரியாது. எங்கள் தொழிலில் இதெல்லாம் சகஜம் என்று நானே என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அந்தப் பிள்ளை வளர்ந்து நானூறு மீட்டர் ஓடினாள். கூட ஓடி வழிகாட்டும் பெண்ணின் கைக்கும் இவள் கைக்கும் நடுவே ஒரு சின்னக் கயிறு. அப்பப்பா, என்ன ஓட்டம்! வழிகாட்டிக்குத்தான் மூச்சு வாங்கும். தேசிய அளவில் ஜெயித்தாள். பாராலிம்பிக்ஸ் போக முதலில் சர்வதேசப் போட்டிகளில் ஓட வேண்டும். அதற்கு முன் கண்ணைச் சோதித்து எந்தப் பிரிவு என்று முடிவு செய்வார்கள். பெங்களூருக்கு வரச் சொன்னார்கள்.

சோதித்த டாக்டர் சான்றிதழைப் பார்த்தார், திரும்பவும் அவள் கண்ணைப் பார்த்தார். "இது பிறவிக்குறை இல்லையே, தீக்காயத் தழும்பு இருக்கே. என்ன நடந்துச்சு? எங்க வைத்தியம் பார்த்தீங்க? அங்க கேட்டுக்கூட ரிப்போர்ட் வாங்கிடலாம்."

அவள் நான் உட்கார்ந்திருந்த பக்கம் முகத்தைத் திருப்பிக் காத்திருந்தாள். அந்த வாரம்தான் லைசென்ஸைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன், பாவி.

"பிறவியிலயே இப்பிடித்தான் சார்" என்றேன்.

சான்றிதழும் கண்ணும் பொருந்தவில்லை, பிரிவு ஒதுக்க முடியாது என்று எழுதிவிட்டார்கள்.

ரயிலில் வரும்போது அவள்மேலேயே எரிந்து விழுந்தேன். "ஒனக்கு வாயில்லையா தாயி? எல்லாம் ஞாபகம் இருக்குல்ல? நீயாவது சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"நீங்க சொல்லுவீகன்னு இருந்தேன்ப்பா."

மறுநாள் காலையில் மைதானத்துக்குப் போக எழுப்பினேன். எழுந்திருக்கவில்லை. அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம், இன்னொரு முறை போகலாம் என்று கெஞ்சினேன்.

"வேண்டாம்ப்பா. அங்கன இன்னொருக்க கேப்பாக. நீங்க இன்னொருக்க பொய் சொல்றத என்னால கேக்க முடியாது."