காகிதத்தின் அடியில் ஒரு தோணி

ஒரு கோடு தைப்பார், எழுந்துவிடுவார். வாசலுக்கு வந்து, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கன்னத்தில் வாங்கிப் பார்த்து, திரும்பவும் உள்ளே போய் அடுத்த கோட்டைத் தைப்பார். ஏரிக்குப் போகிற ஆளென்றால் நியாயம். தேவேந்திரன் ஏரியில் இறங்கி எட்டு மாதமாகிறது. காற்று வடக்கு வாடையானால் என்ன, மேற்குக் கச்சானானால் என்ன, தையல் மெஷினுக்கு அதனால் ஒரு சேதமும் கிடையாது. இதை நான் சொன்னால், "அது தெரியாம கை ஓடாது தங்கச்சி" என்பார். சொல்லிக்கொண்டே மறுபடியும் எழுந்து போவார்.

பழவேற்காட்டு ஏரிக்கரையில், தோணிரேவில் அவருக்கு வீடு. வயது ஐம்பத்து மூன்று. நெட்டையான உடம்பு, கட்டம் போட்ட லுங்கி, தோளில் ஒரு துண்டு. கல்யாணம், கருமாதி தவிர சட்டை போட்டு யாரும் பார்த்ததில்லை. காதில் ஒரு பென்சில் செருகியிருக்கும். முன்பு அந்த இடத்தில் பீடி இருந்தது. போன ஆடி மாதம் தோணியை மணலிலிருந்து தண்ணீருக்குத் தள்ளும்போது வலது தோள் இறங்கிவிட்டது. பொன்னேரியில் டாக்டர் கட்டுப் போட்டு, கையைத் தோளுக்கு மேலே தூக்கக் கூடாது, ஒரு வருஷத்துக்கு வலை இழுக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். நாற்பது வருஷம் நிற்காமல் ஓடிய மனிதரை உட்கார வைத்தால் வீடு தாங்குமா? முதல் மாதம், நன்றாக இருந்த வலையையெல்லாம் பிரித்துப் பிரித்து இடது கையால் கட்டினார். அடுத்த மாதம் ஒரே கதவுக்கு இரண்டு தரம் சாயம் பூசினார். அதற்கடுத்த மாதம், மனைவி லோகாம்பாள் ரவிக்கை தைக்கும்போது பின்னால் நின்றுகொண்டு யோசனை சொல்ல ஆரம்பித்தார். அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

அந்தச் சமயத்தில் லோகாம்பாளின் மகளிர் குழுவில் ஒரு நாள் பயிற்சி நடந்தது. துண்டுத் துணிகளை இணைத்துப் போர்வை தைப்பது. வெறும் சதுரம் சதுரமாக இல்லை. நட்சத்திரம், பறவை, பூ என்று படமாகவே வரவேண்டும். அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். படத்தைக் காகிதத்தில் முக்கோணமும் பட்டையுமாகப் பிரித்து வரைந்து, எண் போட்டுக்கொள்வது. துணியைக் காகிதத்துக்கு அடியில் வைத்து, மேலே தெரிகிற கோட்டின் மீதே தைப்பது. தைத்ததை மடித்துத் திருப்பிவிட்டு, அடுத்த எண்ணுக்கு அடுத்த துணி. எல்லாம் முடிந்தபின் காகிதத்தைக் கிழித்து எடுத்துவிடலாம். படம் துணியில் நின்றுவிடும். லோகாம்பாள் ஒரு நட்சத்திரத் தாளோடு வீட்டுக்கு வந்தாள். "இது ஒண்ணு தெய்க்கிற நேரத்துல நாலு ஜாக்கெட்டு தெச்சிடலாம்" என்று அதை மெஷின் டிராயரில் போட்டு மூடினாள். மறுநாள் அது தேவேந்திரன் கையில் இருந்தது.

பழவேற்காட்டில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆதார், ரேஷன் கார்டு, மீனவர் அட்டை என்று நகல் எடுத்தே பத்து வருஷம் போய்விட்டது. கார்த்திகை மாத மழையில் ஒரு நாள் இவர் அந்தத் தாளை பிளாஸ்டிக் பையில் சுருட்டிக்கொண்டு வந்து பத்துக் காப்பி கேட்டார். மறுநாள் இன்னும் பத்து. மூன்றாம் நாளும் வந்து நின்றபோது, என்ன அண்ணே, ஊருக்கெல்லாம் நட்சத்திரம் விநியோகமா என்று கேட்டேன். தைத்துக் கிழித்துவிடுவதால் ஒரு தாள் ஒரு தரத்துக்குத்தான் ஆகும் என்று விளக்கினார். விளக்கும்போதே கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார். என் கடையில் மூன்று நாற்காலி உண்டு. இன்றுவரை ஒன்றில்கூட அவர் உட்கார்ந்ததில்லை.

வாத்தியார் அவருடைய செல்போனுக்குள் இருந்தார். தலை நரைத்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, மேஜைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு மணிக்கணக்காகப் பேசுவார். ஒரு சொல் இவருக்குப் புரியாது. "அந்தக்கா வாய் இன்னா பேசுதோ நமக்குத் தேவல்ல. கை பேசுது இல்ல, அத பாத்துக்கறேன்" என்பார். சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டுத்தான் பாடம் கேட்பார்.

ஆனால் அவர் கற்றுக்கொண்டதில் பாதிக்கு மேல் தப்பு செய்து கற்றதுதான். தையலுக்குக் கால் அங்குலம் விடு என்று பயிற்சித் தாளில் போட்டிருந்தால், வலைக் கண்ணியை விரல் விட்டு அளந்த கைக்கு அங்குலம் எங்கே தெரியும்? ஒரு விரல் விட்டு வெட்டினார். நட்சத்திரத்தின் நடுவில் துணி சேர்ந்து முடிச்சாகத் தடித்துக்கொண்டது. அரை விரலுக்கும் குறைத்தார். மடித்துத் திருப்பியபோது துணி எட்டாமல் மூலையில் ஓட்டை விழுந்தது. தையலை நெருக்கமாகப் போட்டால்தான் காகிதம் வரிசையாகக் கிழியும் என்பது தெரியாமல் நீளத் தையல் போட்டார். கிழிக்கும்போது நூலும் கூடவே வந்தது. எல்லாவற்றையும்விடப் பெரிய வியாதி அவசரம். கடைசித் துண்டு சேர்வதற்குள் காகிதத்தைக் கிழித்துவிடுவார். பிடிப்பு போன துணி கோணிக்கொண்டு நெளியும். அதைத் தூக்கி எறிந்துவிட்டுக் காற்று பார்க்கப் போவார். வாழ்நாளில் என்றைக்காவது மீன் ஏறுவதற்கு முன்னால் வலையைத் தூக்கியிருக்கிறாயா, இதில் மட்டும் என்ன அவசரம் என்று லோகாம்பாள் மெஷினைத் துடைத்துக்கொண்டே கேட்பாள்.

முப்பத்தோராவது நட்சத்திரம் நேராக வந்தது. நட்சத்திரம் எந்தப் பக்கம் திருப்பினாலும் நட்சத்திரம்தானே. அதனால் அந்த வேலையில் இருந்த ஒரு சங்கதி அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அதற்கு நாங்கள் பிற்பாடு மொத்தமாக அனுபவித்தோம்.

நட்சத்திரத்தோடு நிற்காமல் போர்வைக்கு இறங்கியதற்குக் காரணம் ஆர்த்தி, அவருடைய ஒரே மகள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சுண்ணாம்புக்குளத்து ஜான்சனைப் பொன்னேரியில் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, அங்கிருந்தே வீட்டுக்குப் போன் செய்தாள். ஜான்சன் கும்மிடிப்பூண்டியில் கம்பெனி வேலைக்குப் போகிற அமைதியான பையன். மதம் வேறு என்பதுகூட இவருக்கு அவ்வளவு பெரிதில்லை. தன்னிடம் முதலில் சொல்லவில்லை என்பதுதான் உள்ளே போய்க் குத்திவிட்டது. "என் வாசப்படிய மிதிக்காத" என்று சொல்லிப் போனை வைத்தார். அதன்பிறகு அவளோடு ஒரு வார்த்தை கிடையாது.

இப்போது அவளுக்கு ஒன்பதாம் மாதம். தை மாதம் நடந்த வளைகாப்புக்கு லோகாம்பாள் மட்டும் போய்வந்தாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது இங்கே எல்லா வீட்டிலும் வழக்கம். ஆர்த்தி அம்மாவிடம் சொல்லியனுப்பியது இதுதான்: நைனா கூப்பிட்டால் வருகிறேன், இல்லாவிட்டால் இங்கேயே பெற்றுக்கொள்கிறேன். அவளும் அவர் மகள்தானே, அதே பிடிவாதம். கூப்பிடத்தான் இவருக்கு வாய் வரவில்லை. வளைகாப்புக்கு மறுவாரம் காதிலிருந்த பென்சிலை எடுத்து, அவளுக்குக் கொடுக்கப் போகிற போர்வைக்குத் தோணி வரைய உட்கார்ந்தார்.

"வாம்மான்னு ஒரு வார்த்த. சொன்னா முடிஞ்சிச்சி. அத வுட்டுட்டு துணிய வெட்டினு கீறாரு, பேஜாரு புடிச்ச மனுசன்" என்று லோகாம்பாள் என் கடைக்கே வந்து சொல்லிவிட்டுப் போனாள். எனக்கும் அவர் மேல் கோபம்தான். ஆனால் அவர் கொண்டுவந்து நீட்டிய படத்தைப் பார்த்ததும் அது நிற்கவில்லை.

இடது ஓரத்தில் கரை, அதில் ஒற்றைப் பனைமரம். நடுவில் ஒரு தோணி, மூக்கைக் கரைப்பக்கம் நீட்டிக்கொண்டு. வலது ஓரம் முழுக்கத் தண்ணீர். "தோணி வூட்டுக்கு வருது தங்கச்சி. பாக்கறவங்களுக்கு அது தெரியணும், அவ்ளோதான்" என்றார். பனை, தோணி, தண்ணீர் மூன்றையும் தனித்தனித் தாளில் தனித்தனிப் பட்டையாகத் தைத்துக் கடைசியில் இணைக்க வேண்டும். தோணிக்கு மட்டும் நாற்பத்தாறு துண்டு. தண்ணீருக்காக ஆர்த்தியின் பள்ளிக்கூடத் தாவணியைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கேட்காமல் வெட்டிவிட்டார். லோகாம்பாள் இரண்டு நாள் அவருக்குச் சோறு போட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

மாசி முழுக்கத் தைத்தார். பங்குனியிலும் பாதி போயிற்று. நான்கு நாளாக அவர் நகலெடுக்க வரவில்லை என்றதும், ஞாயிற்றுக்கிழமை கடையை மதியத்தோடு அடைத்துவிட்டுத் தோணிரேவுக்கு நடந்தேன்.

மூன்று பட்டையும் ஒன்றாகிக் கட்டிலில் விரிந்து கிடந்தது. உள்ளே வைக்கும் பழம்புடவையும் அடித்துணியும்தான் பாக்கி. ஒரு மூலை கோணவில்லை, ஒரு முனை மழுங்கவில்லை. லோகாம்பாள் தையற்காரிக் கண்ணோடு ஒவ்வொரு இணைப்பையும் நகத்தால் தடவிப் பார்த்துவிட்டு, எனக்கே இப்படி வராது என்று ஒப்புக்கொண்டாள். அவர் மட்டும் நிலைகொள்ளாமல் இருந்தார். கட்டிலைச் சுற்றி வந்தார். வாசலுக்குப் போனார், வந்தார். தண்ணீர் நிறம் சரியில்லையோ என்றார், பனை ஓலை அதிகமோ என்றார். எதுவோ ஒன்று இடிக்கிறது, எதுவென்று தெரியவில்லை என்றார். லோகாம்பாள் பொறுமையிழந்து போனை எடுத்துப் படம் பிடித்து மகளுக்கு அனுப்பிவிட்டாள். அவர் தடுக்கவில்லை. தடுக்காமல் நின்றதே எனக்கு ஆச்சரியம்.

பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. எழுத்தாக இல்லை, குரலாக. லோகாம்பாள் அதைச் சத்தமாகவே வைத்தாள்.

"யம்மா, தோணி கரைய வுட்டுட்டு இல்ல போவுது. நைனா என்னை வான்றாரா, போன்றாரா? கேட்டுச் சொல்லு."

நாங்கள் மூன்று பேரும் கட்டிலைப் பார்த்தோம். பனை இடது பக்கம் இருந்தது. தோணியின் மூக்கு வலது பக்கம் இருந்தது. முதுகைக் கரைக்குக் காட்டிக்கொண்டு, ஏரிக்குள் போய்க்கொண்டிருந்தது.

சங்கதி அப்போதுதான் விளங்கியது. காகிதத்தின் மேல் கோடு, அடியில் துணி. மேலே இடமாக இருப்பது அடியில் வலமாகத்தான் வரும். கரையும் தோணியும் ஒரே தாளில் இருந்திருந்தால் இரண்டும் சேர்ந்தே திரும்பியிருக்கும், பழுதில்லை. தனித்தனித் தாளில் தைத்து, படத்தில் இருந்த வரிசைப்படியே இணைத்ததால் பனை இருந்த இடத்தில் இருக்க, தோணி மட்டும் திரும்பிக்கொண்டது. என் கம்ப்யூட்டர் திரையில், படத்தைக் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பி அச்சடிக்க ஒரு சின்னக் கட்டம் உண்டு. பத்து வருஷமாகத் தினமும் பார்க்கிறேன். அது எதற்கென்று ஒரு நாளும் யோசித்ததில்லை. குற்றத்தில் பாதி என்னுடையது என்று சொன்னேன்.

அவர் கண்ணுக்கு எப்படித் தப்பியது என்பதைப் பிறகு நினைத்துப் பார்த்தேன். நாற்பது வருஷமாக விடியலில் தோணியில் ஏறிக் கரையை விட்டுப் போனவர் அவர். போகிற தோணி அவருக்கு இயல்பான தோணி. ஆர்த்தி கரையில் நின்று அவர் வரும் தோணியைப் பார்த்து வளர்ந்தவள். அவளுக்கு ஒரு நொடி போதுமானதாக இருந்திருக்கிறது.

லோகாம்பாள் போனை அவர் பக்கம் நீட்டி, பதில் சொல்லு என்றாள். அவர் வாங்கவில்லை. வேகமாக வெளியே போனார். இந்தத் தரம் வாசலோடு நிற்காமல் தண்ணீர் வரைக்கும் நடந்துபோய், முழங்கால் அளவு இறங்கி நின்றார். போய்விட்டார், அவ்வளவுதான் இந்த மனுஷன் என்று லோகாம்பாள் மூக்கைச் சிந்தினாள். எனக்கு எழுந்து வீட்டுக்குப் போய்விடலாமா என்றிருந்தது.

திரும்பி வந்தபோது லுங்கி பாதி நனைந்திருந்தது. மெஷின் டிராயரைத் திறந்து பாதி பிளேடை எடுத்தார். லோகாம்பாள் பதறிப்போய்க் கட்டிலுக்குக் குறுக்கே நின்றாள். நாற்பத்தாறு துண்டையும் பிரித்து மறுபடி தைத்தால் இன்னும் ஒன்றரை மாதம் ஆகும், அதற்குள் பிள்ளையே பிறந்துவிடும் என்று கெஞ்சினாள்.

"தோணிய எவன் தொட்டான்? கரையத்தான் மாத்தப் போறேன்" என்றார்.

பனைப் பட்டையின் தையலில் பிளேடை வைத்து ஓட்டினார். பட்டை தனியாக வந்தது. தண்ணீர்ப் பட்டையையும் பிரித்தார். தண்ணீரைத் தோணிக்குப் பின்னால் வைத்துத் தைத்தார். அதற்குமேல் உட்கார அவரால் முடியவில்லை. பனையை எடுத்துத் தோணியின் மூக்குக்கு நேரே வைத்து, வரிசையாகக் குண்டூசி குத்தினார். சுருட்டி ஒரு துணிப்பையில் போட்டார். நேற்று துவைத்த சட்டை கொடியில் காய்கிறதா என்று லோகாம்பாளிடம் கேட்டார். அவள் பதில் சொல்வதற்குள் அவரே போய் எடுத்துக்கொண்டார்.

சுண்ணாம்புக்குளம் ஏரியின் மேற்குக் கரையில்தான் இருக்கிறது. தோள் சரியாக இருந்தால் தோணியிலேயே போயிருப்பார். பஸ்ஸில் என்றால் பொன்னேரி போய், கும்மிடிப்பூண்டி போய், அங்கே இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். நான் கூடவே பஸ் நிற்கிற இடம்வரை வந்தேன். கடைக்கு எதிரே வந்ததும் பையிலிருந்து ஒரு ஊசியும் நூல்கண்டும் எடுத்து என்னிடம் நீட்டினார். மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவிட்டாராம்.

"கோத்துக் குடு தங்கச்சி. பஸ்ஸு ஆட்டத்துல எனக்குக் கோக்க வராது."

என்ன சொல்லிக் கூப்பிடப் போகிறீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன். பொன்னேரி பஸ் வந்துவிட்டது. முண்டியடித்து ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். போர்வையை மடியில் விரித்தார். ஒரு குண்டூசியைப் பிடுங்கி வாயில் கவ்விக்கொண்டு, கரைக்கும் தோணிக்கும் நடுவில் முதல் தையலைப் போட்டார். வலை கட்டுகிறவர்கள் போடுகிற மாதிரி, ஒவ்வொரு தையலுக்கும் ஒரு முடிச்சு. பஸ் கிளம்பியது. அவர் தலை நிமிரவில்லை. தோளுக்கு மேலே தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன வலது கை, நூலை இழுத்து இழுத்து, வளைவு திரும்புகிற வரைக்கும் ஜன்னல் கம்பிக்கு மேலே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.