திராட்சையும் பாதாமும் மணக்கும் புட்டி

ஈப்போ பஸ் நிலையத்துக்கு எதிரே, கேசட் கடையை ஒட்டிய அத்தர் கடையில் நிற்கிறேன். தைப்பிங் பஸ் இன்னும் வரவில்லை. கடைக்காரர் புதிதாக வந்த புட்டி ஒன்றைத் திறந்து, பஞ்சில் தொட்டு நீட்டுகிறார். பூவின் மணமே இல்லை. உலர்ந்த திராட்சையும் வறுத்த பாதாமும் கலந்த இனிப்பு. முகர்ந்ததும் நாக்கில் எச்சில் ஊறுகிறது.

பக்கத்தில் தன் தங்கை கல்யாணத்துக்கு சென்ட் வாங்க வந்த ரோஸ்லின் நிற்கிறார். இதே ஊரின் புந்தோங் பகுதியில் கிறிஸ்துமஸ் கேக் செய்து விற்பவராம்.

"எப்படி இருக்குண்ணே? காய்ச்சலுக்குப் பெறகு எனக்கு ஒரு வாசமும் தெரியல. இந்த வருசம் கேக் போட வேணாம்னு இருக்கேன். கருகினாகூடத் தெரியாது லா."

"திராட்சை, பாதாம்" என்கிறேன்.

பஞ்சை வாங்கி முகர்ந்துவிட்டு உதட்டைப் பிதுக்குகிறார். திருப்பித் தரப் போன கை பாதியில் நிற்கிறது. மறுபடி மூக்கருகே கொண்டுபோகிறார். கண்கள் விரிகின்றன.

"அண்ணே, ஏதோ வருது. கேக். அடுப்புலேருந்து எறக்கின கேக்."

கடைக்காரர் அவசர அவசரமாக வேறு புட்டிகளைத் திறந்து, பெயர் சொல்லாமல் நீட்டுகிறார். மல்லிகை என்கிறார் ரோஸ்லின். சந்தனம் என்கிறார். இரண்டும் சரி. வெளியே என் பஸ் வந்து நிற்கிறது. நகர மனம் வரவில்லை.

ரோஸ்லின் என் பக்கம் திரும்பி மூச்சை இழுக்கிறார்.

"தப்பா நெனைக்காதீங்கண்ணே. உங்க சட்டை வேர்வை நாத்தம் அடிக்குது லா."

நேற்றிலிருந்து மாற்றாத சட்டை. நாறுகிறது என்று ஒருவர் சொல்லி நான் இவ்வளவு சந்தோஷப்படுவது இதுதான் முதல் முறை.